ஏழாவது கதையில் காணாமல் போனவர்

பேகம்பூர், திண்டுக்கல்.
ஜூன் மாதம் ஒன்றாம் தேதி ஆரம்பித்தது.

சிறுவர் மாத இதழ் ஆசிரியர் சமூகத்துக்கு, பேகம்பூரிலிருந்து உம்மு சல்மா எழுதிக்கொள்வது. சலாமும் வணக்கமும். இதழில் போட்டிருக்கும் பேரை வைத்துத் தாங்கள் ஐயாவா அம்மாவா என்று எனக்குப் பிடிபடவில்லை. யாராக இருந்தாலும் மரியாதை ஒன்றுதான், குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கு நானும் என் மகள் ருக்ஸாரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், அதனால் சுகம். தங்கள் சுகத்துக்கும், தங்கள் ஆபீசில் உள்ளவர்கள் சுகத்துக்கும், படம் வரைகிறவர் கைக்கும் துவா செய்கிறேன்.

நான் அஞ்சாப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ருக்ஸார் முத்து முத்தாக எழுதுவாள், ஆனால் இந்தக் கடிதத்தை அவளிடம் சொல்லி எழுத முடியாது, ஏன் என்று போகப் போகத் தெரியும். அவள் மதரஸாவுக்கு ஓதப் போகிற நேரமாகப் பார்த்து ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று எழுதுகிறேன். இது புகாரா விண்ணப்பமா என்று எனக்கே தெரியவில்லை. புகார்தான் வாய்க்கு முன்னால் வருகிறது, அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் மே மாத இதழில் தாங்கள் வளரும் பிள்ளைகள் வாசிக்கப் பன்னிரண்டு கதைகள் என்று ஒரு பட்டியல் போட்டீர்கள். ஒன்பது வயதிலிருந்து பதிமூன்று வயது வரை என்று மேலே கட்டம் கட்டியிருந்தது. எங்க வீட்டுக்காரர் ரஹ்மத்துல்லா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். அவுக தோல் கிட்டங்கியில், அதாவது குடோனில், தரம் பிரிக்கிற வேலை பார்த்தாக. ஆட்டுத்தோலை விரலால் தடவியே இது முதல் தரம், இது ரெண்டாம் தரம்னு சொல்லிருவாக. புஸ்தகத்தையும் அப்படித்தான். முதல் பக்கத்தைத் தடவிப் பார்த்துட்டு, "நல்ல தோலு, ஓட்டை ஒடிசல் இல்ல"ன்னு சொல்லித்தான் ஆரம்பிப்பாக. மஃரிப் தொழுதுட்டு வந்து ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், அத்தா ஒரு பக்கம், மக ஒரு பக்கம். நரி வந்தா நரிக் குரல், போலீஸ் வந்தா போலீஸ் குரல். நான் அடுப்படியில இருந்து, "கிட்டங்கியில நாலு பேரு மதிக்கிற மனுசன் ஊளையிடுற ஊளையா இது, பக்கத்து வீட்டுல சிரிக்கிறாக"ன்னு சத்தம் போடுவேன். பக்கத்து வீட்டுல நெசமாவே சிரிச்சாகதான். பன்னிரண்டுல ஆறு கதை முடிஞ்சுச்சு. ஏழாவது பாதியில நிக்கிறப்ப, பிப்ரவரி மாசக் கடைசியில, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவுக எந்திரிக்கல. நாப்பத்தாறு வயசு. இதில் தங்கள் தவறு ஒன்றும் இல்லை.

தங்கள் தவறு அந்த ஏழாவது கதையில்தான் இருக்கிறது. அதற்கு நேரே தாங்கள் போட்டிருப்பது இது: "சிறுமியும் குதிரையும் செல்லும் மலைப் பயணம், துள்ளலும் குதூகலமும்." ஐயா, அல்லது அம்மா, குதூகலம் எங்க இருக்கு? முதல் அத்தியாயத்துல செவந்திங்கிற பிள்ளையோட அப்பா சடையன், பொதிக்குதிரையைப் பிடிச்சுக்கிட்டு மலைக்குப் பழம் ஏத்தப் போறாரு. ரெண்டாவது அத்தியாயத்துல குதிரை மட்டும் திரும்பி வருது. மனுசனைக் காணோம். அதுக்கப்புறம் புஸ்தகம் பூராவும் அந்தப் பச்சப் பிள்ளை குதிரையைக் கூட்டிக்கிட்டு அப்பனைத் தேடி அலையுது. இருமல் மருந்து பாட்டில்லகூட குடிச்சா தூக்கம் வரும், வண்டி ஓட்டாதேன்னு போட்டிருக்கான். அப்பன் காணாமப் போறாருன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா நாங்க எட்டாவதை எடுத்திருப்போம்ல? அது ஏதோ சைக்கிளு கதையாம்.

ருக்ஸாருக்குப் பதினொண்ணு. அவ அத்தா போனதுல இருந்து அவ அழல. அதுதான் எனக்குப் பயம். எது கேட்டாலும் "ம்", "வேணாம்", "சாப்டேன்". இந்த மூணை வச்சே ரெண்டு மாசத்தை ஓட்டிட்டா. பள்ளிக்கூடம் போவா, வருவா, சுவத்தைப் பார்த்துப் படுத்துக்குவா. புஸ்தகத்தை அலமாரி மேல்தட்டுல துணிக்கு அடியில வச்சுட்டா. நானும் கேக்கல.

நான் இத்தா இருக்கிறேன். தங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் சொல்கிறேன். எங்கள்ல புருசன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாள் வாசப்படி தாண்டக்கூடாது, வெளி ஆம்பளைக முன்னால வரக்கூடாது. அதனால தெருப் பொம்பளைக லுஹர் தொழுதுட்டு வந்து எனக்குத் துணையா உட்கார்ந்திருப்பாக. நல்ல மனசுதான். ஆனா வர்ற ஒவ்வொருத்தரும் "எப்படிம்மா ஆச்சு?"ன்னு கேப்பாக, நான் காலையில இருந்து ஆரம்பிச்சுச் சொல்லணும். எழுபது தடவை சொல்லிருப்பேன். ஒரு தடவை அலுத்துப்போயி சுருக்கமா சொன்னேன், பக்கத்து வீட்டு ரஃபியா அக்கா குறுக்க விழுந்து, "ஏன்டி, மூணு இட்லி திண்டுட்டு நாலாவதை வேணாமுன்னாருன்னு சொல்லுவியே, அதை விட்டுட்டியே"ன்னு கேட்டாக. சொல்லிச் சொல்லி எங்க வீட்டுக்காரவுக எனக்கே யாரோ அசலூர்க்காரரு மாதிரி ஆயிட்டாக. இதை இப்படியே விடக்கூடாதுன்னு ஒரு நாள் அலமாரியில இருந்து அந்தப் புஸ்தகத்தை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். அடுத்து வந்த பொம்பளை "எப்படிம்மா"ன்னு வாயைத் திறக்க, நான் "அத்தியாயம் ஒண்ணு"ன்னு ஆரம்பிச்சுட்டேன்.

எனக்கு நாப்பத்தோரு வயசு. தாங்கள் கட்டத்தில் போட்ட வயசை நான் மதிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்துல இருந்து நின்னப்ப எனக்குப் பத்து. வாசிக்கிறதுல அதுக்கு மேல எனக்கு வயசு ஏறல. அப்ப நான் கட்டத்துக்குள்ளதான வாரேன்.

நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறதுக்கு ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். "இந்தச் சடையன் மலை ஏறுறதுக்குள்ள எனக்கு அஸருக்கு பாங்கு சொல்லிருவாக போல"ன்னு ரஃபியா அக்கா சலிச்சுக்கிட்டாக. ஆனா எந்திரிச்சுப் போகல. மறுநாள் ரெண்டு மணிக்கு வர்றவுக ஒண்ணே முக்காலுக்கே வந்துட்டாக. அஞ்சு பேரு ஒன்பது பேரு ஆச்சு, ஒன்பது பதினாறு ஆச்சு. ரஃபியா அக்கா வீட்டுல மீன் குழம்பு சட்டியோட கருகிப்போச்சு, அவுக வீட்டுக்காரர் தெருவுல நின்னுக்கிட்டு, "மவுத் வீட்டுக்குப் போனா ஆறுதல் சொல்லிட்டு வரணும், குதிரைக்குக் கொள்ளு வச்சாகளா இல்லையான்னு பேசிக்கிட்டா வருவாக?"ன்னு கத்துறாரு. சடையன் நல்லபடியா திரும்பி வந்தா தர்காவுல சீனி வச்சு ஓதுறேன்னு அக்கா நேர்ந்துக்கிட்டாக. "அக்கா, இது யாரோ எழுதுன கதைக்கா"ன்னேன். "எனக்குத் தெரியாதாக்கும்? கேட்டு வைக்கிறதுல என்னடி கொறைஞ்சு போச்சு?"ன்னாக.

கோடி வீட்டு காதர் பீவி மாமி வந்த பிறகுதான் எல்லாம் கைமீறியது. மாமி செம்பட்டியில மக வீட்டுக்குப் போயிருந்துட்டு, நாங்க மூணாவது அத்தியாயத்துல இருக்கையில வந்து உட்கார்ந்தாக. மவுத் வீட்டுல பதினாறு பொம்பளைக கூடி, ஒரு மனுசன் மலையில காணாமப் போயிட்டாருன்னு மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தா வேற என்ன நினைப்பாக? மாமி ஒண்ணும் கேக்கல. பேசாம எந்திரிச்சுப் போயி, பழக்கடை வச்சிருக்கிற மகன்கிட்ட சொல்லிட்டாக. அவருக்குச் சிறுமலையில இருந்து வாழைத்தார் இறக்குறவரு பொன்னுத்துரைன்னு ஒரு விவசாயி. அவருக்குப் போன் போட்டு, "சடையன்னு ஒரு ஆளு, பொதிக்குதிரைக்காரரு, ஒரு பெண்குழந்தை இருக்கு, காட்டுக்குள்ள போனவரைக் காணோம், தயவுசெஞ்சு விசாரிங்க"ன்னு சொல்லியாச்சு. இது எங்க யாருக்கும் தெரியாது.

நடுவுல ஒரு நாள் ஏழாவது அத்தியாயம் முடிஞ்சதும் பேச்சு கிளம்புச்சு. ஆளு எங்க போயிருப்பாருன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாக. ரஃபியா அக்கா வெத்தலையை மடிச்சுக்கிட்டே, "எனக்கென்னமோ அந்தாளு மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் வச்சிருப்பான்னு தோணுது. குதிரையைப் பத்தி விட்டுட்டு அங்க உட்கார்ந்து சோறு திங்கிறான்"ன்னாக. உள் ரூமுல இருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க.

"செவந்தி அப்பா அப்படிப்பட்டவரு இல்ல! அவரு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு!"

ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு என் பிள்ளை ஒரு முழுப்பேச்சு பேசி. ரஃபியா அக்கா வாய்க்குப் போன வெத்தலை அப்படியே நிக்குது. ருக்ஸார் விறுவிறுன்னு வந்தா, என் மடியில இருந்து புஸ்தகத்தைப் பிடுங்குனா. "நீ வாசிக்கிறது கல்லுல மாட்டுவண்டி போற மாதிரி இருக்கும்மா"ன்னு சொல்லிட்டு, நடுவுல சம்மணம் போட்டு உட்கார்ந்து எட்டாவது அத்தியாயத்தை வாசிச்சா. செவந்திக்கு ஒரு குரலு, வன அதிகாரிக்கு ஒரு குரலு. குதிரைக்குக்கூட ஒரு கனைப்பு. அவுக அத்தா கனைக்கிற மாதிரியே. நான் தண்ணி குடிக்கப் போற மாதிரி எந்திரிச்சுப் போயி அடுப்படியில நின்னுக்கிட்டேன்.

அன்னைக்கு ஆரம்பிச்சது இந்தப் பயம். அதுவரைக்கும் அது கதை. கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கணும்னுகூட எனக்குத் தோணல. இப்ப புஸ்தகம் ருக்ஸார் கையில. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம்தான்னு கறாரா சொல்லிட்டா, வாசிச்சு முடிச்சதும் பள்ளிக்கூடப் பையில போட்டு ஜிப்பை இழுத்துருறா, தூங்குறப்ப தலைமாட்டுல பை. அந்தச் சடையன் மவுத்தாகிக் கிடந்தா, அதை இவ வாயாலேயே வாசிக்கணும். சரி, உசுரோட வந்துட்டாருன்னே வையுங்க. அது இன்னும் மோசம். அந்தப் பிள்ளை அப்பன் வந்துட்டாரு, என் அத்தா ஏன் வரலன்னு இவ என்னைத் திரும்பிப் பார்த்தா நான் என்ன சொல்றது? ரெண்டுல எது வரும்னு முன்கூட்டித் தெரிஞ்சா, அதுக்குத் தக்கன ஏதாவது சொல்லி வைக்கலாம், இல்ல அன்னைக்குப் பார்த்து மயக்கம் போட்டாவது விழலாம்.

இன்னொரு புஸ்தகம் வாங்கித் தெரிஞ்சுக்கலாம்னு என் தம்பி அப்துல் ஜப்பாரைக் கடைக்கு அனுப்பினேன். தம்பி பரோட்டா மாஸ்டரு, மாவைத் தவிர எதையும் விரிச்சுப் பார்க்காதவன். பட்டியலைப் போட்டோ பிடிச்சுக்கிட்டுத்தான் போனான். கடைக்காரரு, "பதினொரு வயசுக்குக் கதை யாருங்க கேக்குறா, வர்றவுக எல்லாம் இதைத்தான் வாங்குறாக"ன்னு சொல்லி, நீட் பரிச்சைக்கு ஆறாம் வகுப்புல இருந்தே தயாராகுற புஸ்தகம் ஒண்ணைத் தலையில கட்டிட்டாரு. தம்பி அதைச் செங்கல்லு மாதிரி தூக்கிட்டு வந்து, "இதுல சடையன் எத்தனாவது பக்கம்க்கா?"ன்னு கேக்குறான். தங்கள் ஆபீசுக்குப் போன் போட்டேன். போனை எடுத்த பிள்ளை அருமையா பேசுச்சு, ஆனா கேட்டதுக்கெல்லாம் ரெண்டு வருஷச் சந்தா கட்டுனா ஒரு கலர் பென்சில் டப்பா இலவசம்னு மட்டும் சொல்லுச்சு.

இந்த நிலமையில, முந்தாநாள், பதிமூணாவது அத்தியாயம் நடக்கையில வாசல்ல ஒரு ஆம்பளைக் குரல். "ஏம்மா, காணாமப் போன ஆளு வீடு இதுதானா?" பொம்பளைக எல்லாம் முக்காட்டை இழுத்துக்கிட்டாக, நான் திரைக்குப் பின்னால போயிட்டேன். பொன்னுத்துரை வந்திருக்காரு. தோள்ல ஒரு தாரு மலைவாழைப்பழம். காலையில இருந்து பஸ்ஸுக்கு நின்னு இறங்கி வந்தாராம். "தாயி, பத்து நாளா மலை பூராவும் கேட்டுப்புட்டேன். குதிரைக்காரவுக எல்லாரையும் கேட்டேன். சடையன்னு யாருமே காணாமப் போகல. பேரு சரிதானா, வேற பட்டப்பேரு உண்டா?"ன்னு கேக்குறாரு. காதர் பீவி மாமி, "பாவம், பிள்ளையை வச்சுக்கிட்டு"ன்னு அழ ஆரம்பிச்சுட்டாக. ரஃபியா அக்காதான் மெதுவா, "அண்ணே, அது புஸ்தகத்துல வர்ற ஆளுண்ணே"ன்னாக.

திட்டப் போறாருன்னு நான் திரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அவரு பழத்தாரை இறக்கி வச்சுட்டு, துண்டால முகத்தைத் துடைச்சாரு. "கதையாம்மா? அதான பார்த்தேன், எங்க மலையில ஒரு ஆளைக் காணோம்னா மத்தியானச் சோத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிருமே"ன்னாரு. அப்புறம், "ஆமா, இப்ப எங்கன தேடிக்கிட்டு இருக்காக?"ன்னு கேட்டாரு. அத்தியாயம் முடியிற வரைக்கும் வாசல்ல உட்கார்ந்து கேட்டுட்டுத்தான் போனாரு. போறப்ப காதர் பீவி மாமி, "கதைன்னா சும்மா இருந்துருவாகளா? நீங்க தேடுறதை விட்டுறாதீக தம்பி"ன்னு சொல்லி அனுப்புனாக.

இன்னும் மூணு அத்தியாயம் பாக்கி. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, அதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிறாள். ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. பட்டியல் போட்டவர்கள் புஸ்தகத்தைப் படித்துத்தான் போட்டிருப்பீர்கள். சடையன் வருகிறாரா, வரவில்லையா? ஒரு கார்டில் எழுதிப் போடவும். கதை என்று ஒரு வார்த்தையும் வேண்டாம். "சரக்கு வந்தது" அல்லது "சரக்கு வரவில்லை" என்று எழுதினால் எனக்கு விளங்கிவிடும், ருக்ஸார் பார்த்தாலும் கிட்டங்கி விஷயம் என்று விட்டுவிடுவாள். இனிமேல் பட்டியல் போடும்போது அப்பா சாகிற கதை, அம்மா சாகிற கதை, காணாமல் போகிற கதை, இவற்றுக்கு நேரே சின்னதாக ஒரு மிளகாய்ப் படம் போட்டுவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உபகாரம்.

தங்கள் வீட்டிலும் ஆபீசிலும் உள்ள எல்லோருக்கும் நீண்ட ஆயுசையும், நல்ல கண் பார்வையையும், வாசிக்கப் பிள்ளைகளையும் ஆண்டவன் கொடுப்பானாக. ரஃபியா அக்காவும் காதர் பீவி மாமியும் தங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னார்கள். தம்பி சொல்லவில்லை, அவன் சார்பில் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மர்ஹூம் ரஹ்மத்துல்லா மனைவி,
உம்மு சல்மா

பின்குறிப்பு: ஜூன் பன்னிரண்டு. அவசரம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லித் தம்பியிடம் கொடுத்தால், அவன் அதை ஸ்கூட்டர் டிக்கியில வச்சுக்கிட்டுச் சுத்தியிருக்கான். கேட்டதுக்கு, "அதெல்லாம் அன்னைக்கே போட்டோ எடுத்து அவுக வாட்ஸப்புக்கு அனுப்பிட்டேன்க்கா. ஆசிரியர்கிட்ட சேர்த்துட்டோம், பதில் தபால்ல வரும்னு சொல்லிட்டாக"ங்கிறான். அதனாலதான் பதறிப்போய் இதை எழுதுகிறேன்.

கதை போன வியாழக்கிழமை முடிந்துவிட்டது. இருபத்திரண்டு பொம்பளைக, திரைக்கு வெளியில வாசல்ல பொன்னுத்துரை. ருக்ஸார் கடைசி அத்தியாயத்தை வாசிச்சா. சடையன் வந்துட்டாரு. கால் ஒடிஞ்சு, தாடி வளர்ந்து, குச்சியை ஊனிக்கிட்டு நடந்தே வந்து சேர்ந்தாரு. வந்ததும் செவந்தியைப் பார்த்து, "என்ன ராணி, சாப்டீங்களா?"ன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரவுக வேலை விட்டு வந்ததும் இவகிட்ட கேக்குற மாதிரியே. பொம்பளைக எல்லாம் ஓன்னு அழுதுட்டாக, ரஃபியா அக்கா சீனி ஓதிக் குடுத்துட்டாக, பொன்னுத்துரை "வருவாருன்னு எனக்குத் தெரியும்"னு மலைக்கே போன் போட்டுச் சொல்லிட்டாரு. ருக்ஸார் என்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தா. நான் சிரிச்சேன். அவளும் சிரிச்சா.

நேத்து அவ பள்ளிக்கூடம் போனப்புறம், சாப்டீங்களான்னு கேட்ட அந்த ஒரு வரியை என் கண்ணால பார்க்கணும்போல இருந்துச்சு. முடிஞ்சதும் அவ பழையபடி அலமாரித் துணிக்கு அடியில வச்சுட்ட புஸ்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டினேன். அந்த வரி இல்ல. சடையன் வரல. அவரு துண்டு மட்டும் ஒரு பாறை ஓரத்துல கிடைக்குது. அந்தப் பிள்ளை குதிரைக் கயித்தைக் கையில பிடிச்சுக்கிட்டு மலை ஏறுது, அதோட முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நாலு பக்கத்துக்கு வேற புஸ்தகங்களோட விலைப்பட்டியல். அன்னைக்கு அவ அந்த நாலு பக்கத்தையும் ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பி, குரல் மாத்தி, நிறுத்தி நிறுத்தி வாசிச்சா. நான் எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். அம்மா தாங்கமாட்டான்னு நினைச்சிருக்கா.

மேலே எழுதிய புகாரையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மிளகாய்ப் படமும் வேண்டாம். எட்டாவது கதை வாங்கத் தம்பி மதுரைக்கே போயிருக்கிறான். தயவுசெய்து பதில் மட்டும் போட்டுவிடாதீர்கள். சரக்கு என்று எழுதினாலும், எனக்கு முடிவு தெரிந்துவிட்டதை அவள் கண்டுபிடித்துவிடுவாள். இத்தா முடியிற வரைக்கும் தபால்காரர்கிட்ட போயி வாங்குறது அவதான்.